கிராங்க் புல்லி போல்ட் அசையவே மாட்டேன் என்றால்: பழைய ஹோண்டா சிட்டிக்கான பதில்

கேள்வி இதுதான். 1999 மாடல் ஹோண்டா சிட்டி 1.5. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை கிராங்க்கோடு சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்காக வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்திருக்கிறார். இடது முன் சக்கரத்தைக் கழற்றி, வெளிப் பெல்ட்டுகளை எடுத்து, கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் புல்லியைப் பிடித்து வைத்திருக்கும் கிராங்க் புல்லி போல்ட் வரை வந்தாயிற்று. ஐந்தாவது கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பைப் மாட்டி அழுத்தியும் போல்ட் நகரவில்லை. எக்ஸ்டென்ஷன் ராடு முறுக்கிக்கொண்டு, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. "பாரை (சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கைப்பிடியை) மாட்டி ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டு, கழன்றுவிடும்" என்கிறாராம் நண்பர். அதைச் செய்யலாமா, இல்லை கேஸ் வைத்து ஹீட் பண்ணலாமா என்று கேட்கிறார்.

முதலில் ஸ்டார்ட்டரைப் பற்றி: இந்த எஞ்சினில் அதை மறந்துவிடுங்கள். பெரும்பாலான கார் எஞ்சின்கள் புல்லி பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அவற்றில் போல்ட் தலையைப் பாரால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைத் தட்டினால், கிராங்க் சுற்ற, போல்ட் அவிழும். உங்கள் காரில் இருப்பது டி சீரிஸ் எஞ்சின். அது எதிர்த்திசையில் சுற்றும். போல்ட்டோ வழக்கமான வலது மரைதான், அதாவது கடிகார முள் திசையில் திருப்பினால் இறுகுவது. ஆக, ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் அவிழாது, இன்னும் இறுகும். அதோடு பார் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதும் நண்பர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும். ஃபெண்டர் நசுங்கினால் செலவோடு போகும். கை அங்கே இருந்தால் எலும்பு முறியும். 2003-க்குப் பிறகு வந்த சிட்டியில் எல் சீரிஸ் எஞ்சின், டைமிங் செயின், சுற்றுவதும் வழக்கமான திசை. "நான் சிட்டியில் இப்படித்தான் கழற்றினேன்" என்று யாராவது சொன்னால் அது எந்தத் தலைமுறை சிட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். திசை சரியாக இருக்கும் எஞ்சின்களிலும் எனக்கு இந்த வித்தை பிடிக்காது. பார் நழுவினால் அதை நிறுத்த எதுவும் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த போல்ட்டுக்கு மேனுவல் சொல்லும் இறுக்கம் இந்தக் குடும்ப எஞ்சின்களில் 181 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பும் விசையின் அளவு). அது புதிதாகப் பூட்டும்போது. பல வருஷம் சூடேறி ஆறி, தலைக்கடியில் துருவும் தூசியும் சேர்ந்த பிறகு, அவிழ்க்க இரண்டு மடங்கு கேட்பது சாதாரணம். சரி, 400 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளப் பைப்பின் நுனியில் 41 கிலோ எடை வைத்தால் 400 வந்துவிடும். நடுத்தர உடம்புள்ள யாரும் ஒரு காலை ஊன்றி அழுத்தினாலே வருகிற எடைதான் இது. அப்படியிருந்தும் போல்ட் நகரவில்லை என்றால், நீங்கள் போடும் விசை போல்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வழியில் இரண்டு இடத்தில் அது வீணாகிறது: ஒன்று கிராங்க் பிடிபடாமல் நழுவுகிறது, இன்னொன்று உங்கள் கருவி முறுக்குகிறது. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் ஹீட்டும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம்.

கியரில் போட்டு பிரேக்கை மிதிப்பது ஏன் போதவில்லை என்று பாருங்கள். இந்த அளவு எஞ்சினின் உச்ச டார்க் 130 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். கிளட்ச்சை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்படிதான் செய்திருப்பார்கள். நீங்கள் போல்ட் வழியாக 300, 400 கொடுத்தால் போல்ட் அவிழ்வதற்கு முன்பே கிளட்ச் வழுக்கும். கிளட்ச் புதிதாக இருந்து பிடித்துக்கொண்டாலும், கியர்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி, டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கம், எஞ்சின் மவுண்ட் ரப்பர் எல்லாமாகச் சேர்ந்து விசையை ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கொள்ளும். போல்ட் தலைக்குப் போவது மொழுக்கென்ற ஒரு தள்ளல்தான். இறுகிய போல்ட்டுக்கு அது உறைக்காது.

ஆகவே கிராங்க்கை அதன் புல்லியிலேயே பிடிக்க வேண்டும். உங்கள் புல்லியின் முகத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றி ஆறு பக்கம் கொண்ட பெரிய குழி தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. பல ஹோண்டா புல்லிகளில் அந்தக் குழி 50 மில்லிமீட்டர். அதில் உட்காரும் ஹோல்டர் என்ற கருவி தனியாகக் கிடைக்கிறது. நடுவில் ஓட்டை இருக்கும், அதன் வழியாக சாக்கெட்டை விட்டு போல்ட்டை அவிழ்க்கலாம். வாங்க மனமில்லை, அல்லது கிடைக்கவில்லை என்றால் நீங்களே செய்துகொள்ளலாம். எம்33 நட்டின் பக்கத்துக்குப் பக்கம் அளவு சரியாக 50 மில்லிமீட்டர். இரும்புக் கடையில் ஒரு எம்33 நட்டு வாங்கி, ஒன்றே கால் அங்குல அகலமும் பத்து மில்லி கனமும் கொண்ட பட்டை இரும்பை ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டி, நட்டின் ஒரு ஓரத்தில் நன்றாக வெல்டிங் வைத்துத் தரச் சொல்லுங்கள். பட்டை நட்டின் ஓட்டையை மறைக்கக் கூடாது. போல்ட் தலை 17 மில்லி என்றால் அதன் சாக்கெட் நட்டு ஓட்டைக்குள் அப்படியே போகும். 19 மில்லி என்றால், கனமான இம்பாக்ட் சாக்கெட் உரசும். லேத்தில் உள்ளே ஓரிரண்டு மில்லி கடைந்துவிட்டால் சரியாகிவிடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு லேத் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. சென்னை என்றால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று வந்தால் ரெடிமேடாகவே கிடைக்கக்கூடும்.

குழி இல்லாத புல்லி என்றால் அடுத்த நல்ல இடம் கிராங்க்கின் மறு நுனியிலிருக்கும் ஃபிளைவீல். ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கிவிட்டு, ஃபிளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியரின் பல்லில் முழுதாக உட்காரும் லாக் ஒன்றை, அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் ஓட்டையில் பூட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். பல்லின் நுனியில் மட்டும் அது தங்கும். நழுவினால் பல் தெறிக்கும், அல்லது அலுமினிய ஹவுசிங்கில் விரிசல் விழும். போல்ட் கழற்றப் போய் கியர் பாக்ஸ் இறக்கும் வேலையாகிவிடும். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் நைலான் கயிற்றை நுழைத்து பிஸ்டனை நிறுத்துவதும் உண்டு. சின்ன எஞ்சின்களில் நானே அதைச் செய்வேன். ஆனால் பிஸ்டன் கம்ப்ரஷனில் இல்லாமல் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் இருந்தால் கயிறு திறந்திருக்கும் வால்வை நெருக்கும். 400 நியூட்டன் மீட்டர் போடப்போகிற இடத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டைமிங் பெல்ட்டைப் பிடித்து, கேம் புல்லியைப் பிடித்து, அல்லது டைமிங் பின்னைச் செருகி கிராங்க்கை நிறுத்துவது அறவே கூடாது. அந்தப் பின் அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான்.

விசை வீணாகும் இரண்டாவது இடம், கருவி. எக்ஸ்டென்ஷன் முறுக்கித் திரும்பி வருகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. அரை இஞ்ச் டிரைவ், மெல்லிய நீள ராடு என்றால் உங்கள் பலத்தில் பெரும்பகுதி அந்த ராடைச் சுருட்டுவதற்கே செலவாகிறது. முக்கால் இஞ்ச் டிரைவ் செட் ஒன்றை வாடகைக்கோ லாரிப் பட்டறையிலிருந்து இரவலாகவோ வாங்குங்கள்: பார், எக்ஸ்டென்ஷன், ஆறு முனை சாக்கெட். அரை இஞ்ச் பாரில் ஒரு மீட்டர் பைப்பை மாட்டி 70 கிலோ ஆள் முழு எடையையும் போட்டால் கிட்டத்தட்ட 690 நியூட்டன் மீட்டர். அரை இஞ்ச் பார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பட்டென்று முறியும்போது ஆள் முகம் குப்புற விழுவார். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் வேண்டாம். அது தலையின் மூலைகளை மட்டும் கடிக்கும், ஒருமுறை வழுக்கினால் தலை உருண்டையாகிவிடும். ரேட்சட்டைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், உள்ளே பல் போய்விடும்.

எக்ஸ்டென்ஷனின் வெளி நுனியைத் தாங்கிப் பிடிப்பது ரொம்ப முக்கியம். சக்கரம் கழற்றிய இடத்தில் ஒரு ஜாக்கி ஸ்டாண்டை வைத்து, ராடு அதன் பள்ளத்தில் உட்காரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். ராடு போல்ட்டுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் நீங்கள் பாரை அழுத்தும்போது ராடு முழுவதும் கீழே சாயும். சாக்கெட் கோணலாகக் கவ்வும், தலை வழுக்கும்.

இப்போது எதை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். இடது சக்கரப் பக்கம் உட்கார்ந்து புல்லியைப் பார்த்தால் காரின் முன்பக்கம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். போல்ட்டை அவிழ்க்க கடிகார முள்ளுக்கு எதிர்ச்சுற்று, அதாவது முன்பக்கம் நீட்டிய பார் கீழே இறங்க வேண்டும். ஹோல்டரையும் முன்பக்கமே நீட்டுங்கள். புல்லி சுற்ற முயலும்போது ஹோல்டரின் நுனியும் கீழேதான் இறங்கப் பார்க்கும். தரையில் ஒரு கட்டையை வைத்து அதன்மேல் அது உட்காரட்டும். அதற்குச் சற்று மேலே, ஒரு சாண் இடைவெளியில், பார் இருக்கட்டும். பிறகு பாரைத் தரையை நோக்கி அழுத்துங்கள். பாரும் ஹோல்டரும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பதால், நீங்கள் கீழே அழுத்துவதும் தரை மேலே தள்ளுவதும் ஒன்றையொன்று தின்றுவிடும். காரை அசைக்கிற விசை அநேகமாக மிஞ்சாது. கார் ஸ்டாண்டில் நிற்கும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று செய்து பார்த்தால் தெரியும். பாரைப் பின்பக்கம் நீட்டி அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களும் உண்டு. ஜாக்கி போல்ட்டை அவிழ்க்கிறதா, காரையே ஸ்டாண்டிலிருந்து கிளப்புகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அந்த முறையில் உடன்பாடில்லை.

பாரை எட்டி உதைக்காதீர்கள். முதலில் இடைவெளி எல்லாம் ஒடுங்கும்வரை மெதுவாக அழுத்தி, பிறகு எடையை ஏற்றிக்கொண்டே போங்கள். முழு எடையும் ஏறியபின் அப்படியே சில நொடி நில்லுங்கள். அவிழும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். போல்ட் முறிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். தலைக்கடியிலிருந்த பிடிப்பு விட்ட சத்தம் அது. முறிந்திருந்தால் அதற்குப்பின் பார் எடையே இல்லாமல் சுற்றும். நல்லபடியாக அவிழ்ந்திருந்தால் இன்னும் கால் சுற்று வரை கனமாகத்தான் வரும்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். இரும்பு இளக்கும் எண்ணெய், டபிள்யூடி-40 போன்றவை இந்த போல்ட்டில் பெரிதாக உதவாது. ஒரு போல்ட்டை முடுக்கும்போது கொடுக்கும் விசையில் பாதியளவு தலைக்கடி உராய்விலும், இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டை இழுத்து நிறுத்துவது மிச்சம் பத்து சதவீதம்தான். தலையும் வாஷரும் இறுகக் கவ்வியிருக்கும் அந்த இடத்துக்குள் எண்ணெய் நுழைய வழியில்லை. ஓரத்தில் கொஞ்சம் விட்டு ஒரு ராத்திரி வைப்பதில் நஷ்டமில்லை. புல்லியின் ரப்பர் வளையத்தில் பட்டதை மட்டும் துடைத்துவிடுங்கள்.

ஹீட் பண்ணுவது உதவும், ஆனால் அளவோடு. புல்லிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறது, பின்னால் கிராங்க் ஆயில் சீல் இருக்கிறது, பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. கேஸ் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டுச் சிவக்கச் சிவக்கச் சூடேற்றினால் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வேட்டு. சின்ன பியூட்டேன் டார்ச்சின் கூர்மையான தீயை போல்ட் தலையின் நடுவில் மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். தலை விரிய முயலும், சுற்றியுள்ள புல்லி விடாது; ஆறும்போது தலைக்கடியிலுள்ள துருப்பிடிப்பு உடையும். எண்ணெய் விட்ட இடத்தில் தீ காட்டுவதற்கு முன் நன்றாகத் துடைத்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் தண்ணீர் வாளியும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். ஆறியபின், தலையின் நடுவில் பித்தளைக் கம்பியை வைத்து நிதானமாக நாலு தட்டு தட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். சம்மட்டியால் அடிக்க வேண்டாம். கிராங்க் நீளவாக்கில் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

இம்பாக்ட் கன் (அடி அடியாக அடித்துத் திருப்பும் மெஷின்) இருந்தால் ஹோல்டர்கூட இல்லாமல் சில சமயம் வேலை முடியும். அதன் அடி கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறுகியது, அதற்குள் கிராங்க்கின் எடை நகரத் தயாராகாது. ஆனால் பெட்டியில் 1000 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருப்பது சாக்கெட்டை நேராக மாட்டும்போது. மெல்லிய நீள எக்ஸ்டென்ஷனைச் சொருகினால் ஒவ்வொரு அடியையும் அந்த ராடு குடித்துவிடும். "கன் போட்டும் வரவில்லை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். எக்ஸ்டென்ஷன் இல்லாமல், அல்லது இருப்பதிலேயே தடித்த, குட்டையான ஒன்றோடு போடுங்கள். 19 மில்லி தலை கொண்ட ஹோண்டா கிராங்க் போல்ட்டுகளுக்கென்றே வெளிச்சுற்றில் கனமான இரும்பு வளையத்தோடு 19 மில்லி சாக்கெட் விற்கிறார்கள். அந்த வளையத்தின் எடை அடியின் வேகத்தை போல்ட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொடுக்கிற காசுக்கு உழைக்கிற கருவி அது. காற்றில் ஓடும் கன்னுக்கு பஞ்சர் கடைக் காற்று என்றால் ஹோஸின் தடிமனைப் பாருங்கள்; கன் ஓடும்போது மீட்டரில் காற்றழுத்தம் 6 பார் (bar) அளவுக்குக் கீழே விழுந்துகொண்டே போனால் அந்த கன் எவ்வளவு பெரியதானாலும் பிரயோஜனமில்லை.

தலை உருண்டையாகிவிட்டது என்றால் அதன்மேல் பெரிய நட்டு ஒன்றை வெல்டிங் வைத்து, சூடு ஆறியதும் அவிழ்க்கலாம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த்தை பாடியில் மாட்டாமல் புல்லியிலேயே மாட்டுங்கள். கரண்ட் கிராங்க் பேரிங் வழியாகப் போகக் கூடாது. அதுவும் முடியாவிட்டால் தலையை டிரில் போட்டு எடுத்துவிடுவதுதான் கடைசி வழி. கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் தலை போனதும் போல்ட்டின் இழுவை முழுவதும் விட்டுவிடும். மிச்சமுள்ள துண்டு பல நேரம் பிளையரிலேயே சுற்றி வந்துவிடும்.

வேறு கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபோர்டின் 2.0, 2.3 டியூராடெக் போன்ற சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கும் புல்லிக்கும் சாவியே (அவை கிராங்க்கின் மேல் நழுவிச் சுற்றாமல் பள்ளத்தில் உட்காரும் சிறு இரும்புத் துண்டு) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் டைமிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே கேம்களைப் பூட்டாமல் போல்ட்டை அவிழ்த்த கணமே டைமிங் போயிற்று. சில எஞ்சின்களில் இடது மரை உண்டு. பலத்தைக் காட்டுவதற்கு முன் உங்கள் எஞ்சினின் மேனுவலில் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சிட்டிக்குத் திரும்புவோம். மாட்டும்போது செய்கிற வேலையில்தான் அடுத்த முறை அவிழ்ப்பது எளிதாகிறது. புல்லியின் முகம், கிராங்க் மூக்கு (புல்லி உட்காரும் நுனி), சாவி எல்லாவற்றையும் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். போல்ட்டின் மரையை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து எஞ்சின் ஆயிலை லேசாகத் தடவுங்கள். கிரீஸ், காப்பர் பேஸ்ட், லாக்டைட் பசை எதுவும் வேண்டாம். உராய்வு மாறினால் அதே டார்க்குக்கு போல்ட்டின் இழுவை மாறிவிடும். தலைக்கடியில் கீறலோ மரையில் இழுப்போ தெரிந்தால் புது போல்ட் போடுங்கள்.

பிறகு டார்க் ரெஞ்சால் 181. கன்னை வைத்து "போதும்" என்று தோன்றும்வரை விரட்டுகிற பழக்கத்தால்தான் இந்த போல்ட்டுகள் இத்தனை பேரை அழவைக்கின்றன. குறைவாக இறுக்குவது அதைவிட மோசம். புல்லி மயிரிழை ஆடினாலும் சாவி கிராங்க்கின் பள்ளத்தைத் தின்ன ஆரம்பிக்கும். மாஸ்டா மியாட்டாவின் ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்க் மூக்கு குட்டையாக இருந்தது. இந்த போல்ட் தளர்ந்ததாலேயே கிராங்க்கை மாற்ற நேர்ந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

இறுக்கும்போது சுற்று மாறுகிறது என்பதால் ஹோல்டரைப் பின்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இப்போது அந்த நுனிதான் கீழே இறங்கும். ஹோல்டர் இல்லாமல் இறுக்கினால் எஞ்சின் பின்னோக்கிச் சுற்றும், புதிதாகப் போட்ட பெல்ட் பல் தாண்டக்கூடும். முடித்ததும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய நிலையிலேயே கிராங்க்கைக் கையால் எதிர்ச்சுற்றில் ஐந்தாறு முறை சுற்றுங்கள். பிறகு பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரின் போல்ட்டைத் தளர்த்தி, கேம் புல்லி மூன்று பல் நகரும் அளவுக்கு அதே பக்கம் திருப்பி நிறுத்தி, போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். கிராங்க், கேம் புல்லிகளின் குறிகள் இரண்டும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு ஹோல்டரையும் பாரையும் வெளியே எடுத்து வைத்தபின் கார்ச் சாவியைத் திருப்புங்கள்.